வரம் கண்டறியும் கேள்வித்தாள்: சபைக்குப் பயன்படுமா?

ஆவிக்குரிய வரங்களை, அதாவது சபைப் பணிக்கென்று பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்கு அருளும் ஆற்றல்களைக் கண்டறிய உதவும் கேள்வித்தாள்கள் அச்சிலும் இணையத்திலும் நிறையவே கிடைக்கின்றன. அட்டையும் பெயரும் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: நூறை ஒட்டிய எண்ணிக்கையில் சிறு கூற்றுகள், கட்டம் போட்ட ஒரு விடைத்தாள், வரங்களுக்கு ஒரு விளக்கக் குறிப்பு, கடைசியில் தொழில், கைவேலை, கலை ஆகியவற்றை டிக் செய்யும் ஒரு பக்கம். இந்த வகைத் தொகுப்பை ஒரு சபை நம்பி எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பேச்சைத் தொடங்கிவைக்க இது அருமையான கருவி. வாயே திறக்காத விசுவாசியிடம்கூட, "இந்தக் கூற்றுக்கு ஏன் 3 போட்டீர்கள்?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார். ஆனால் கூட்டித் தரும் எண்ணை வைத்துப் பொறுப்புகளைப் பங்கிடப் புறப்பட்டால், ஆறே மாதத்தில் மனக்கசப்பில் போய் நிற்கும். தமிழில் பயன்படுத்தும்போது மொழிபெயர்ப்பினால் வரும் சிக்கல் ஒன்றும் தனியாக இருக்கிறது. அதைக் கவனிக்கிறவர்கள் குறைவு.

கட்டமும் கணக்கும்

பரவலாகப் புழங்கும் அமைப்பு இது. 25 வரங்கள், வரத்துக்கு 5 கூற்று, ஆக 125. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்: இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, பெரிதும். விடைத்தாளில் 25 வரிசை, 5 பத்தி. முதல் பத்தியில் மேலிருந்து கீழாக 1 முதல் 25 வரை, அடுத்த பத்தியில் 26 முதல் 50 வரை என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். அப்படி எழுதினால் 1, 26, 51, 76, 101 ஆகிய ஐந்து கூற்றுகளும் ஒரே வரிசையில் வந்து விழும். அந்த வரிசையைக் குறுக்கே கூட்டினால் ஒரு வரத்தின் மதிப்பெண். அதிகபட்சம் 15.

எளிமையான ஏற்பாடுதான், ஆனால் தவறு நுழைய ஓர் அகலமான வாசல் இருக்கிறது. 17ஆம் கூற்றை ஒருவர் கவனிக்காமல் தாண்டி, 18இன் விடையை 17இன் கட்டத்தில் எழுதிவிட்டார் என்று வையுங்கள். அதற்குப் பிறகு வரும் எல்லா விடையும் ஒரு கட்டம் மேலே ஏறிவிடும். போதிக்கும் வரத்துக்கான விடை பக்கத்து வரிசையில் இருக்கும் வேறொரு வரத்தின் கணக்கில் சேரும். கூட்டல் சரியாகவே வரும், ஆனால் முடிவு முழுக்கப் பொய். இதற்கு ஒரே அறிகுறி, 125ஆம் கட்டம் காலியாக நிற்பது. அதைப் பார்த்துத் திகைக்கிறவர் கடைசியில் ஓர் எண்ணைப் போட்டு நிரப்பிவிடுவார். நடத்துகிறவர் 25, 50, 75, 100 வரும்போதெல்லாம் நிறுத்தி, "எல்லாருக்கும் பத்தி முடிந்ததா?" என்று கேட்டாலே இது தீர்ந்துவிடும். இணையப் பதிப்பில் இந்தத் தவறுக்கு இடமில்லை. ஆனால் அங்கே எந்தக் கூற்றுக்கு என்ன போட்டோம் என்பதைப் பெரும்பாலும் திரும்பக் காட்டுவதில்லை. முதல் மூன்று வரங்களின் பெயர் மட்டும் திரையில் வரும். கூற்றுவாரியாக விடையை அச்சிட்டுத் தரும் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். பேசுவதற்குப் பொருள் அந்த விடைகளில்தான் இருக்கிறது.

மதிப்பெண்ணைப் படிக்கும் விதத்திலும் எச்சரிக்கை வேண்டும். ஒருவருக்கு 12, 11, 11, 10, 10 என்று வந்தால், முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டே புள்ளி. ஏதோ இரண்டு கூற்றில் 3க்குப் பதில் 2 போட்டிருந்தால் வரிசை தலைகீழாகியிருக்கும். ஆகவே "முதல் மூன்று வரம்" என்று வெட்டாமல், 11ம் அதற்கு மேலும் ஒரு குழு, 6 முதல் 10 வரை ஒரு குழு, அதற்குக் கீழே ஒரு குழு என்று பார்ப்பதே நேர்மை. இருவர் மதிப்பெண்ணை ஒப்பிடவே கூடாது. சிலர் கை தாராளம், எதற்கும் 3 போடுவார்கள். சிலர் தங்களைத் தாங்களே குறைத்துக்கொள்ளும் சுபாவத்தால் எதற்கும் 1. முன்னவரின் பத்தாவது வரம் பின்னவரின் முதல் வரத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். இந்தத் தாளைப் பலகையில் ஒட்டுகிற சபை, தாழ்மையுள்ளவர்களைத்தான் முதலில் இழக்கும்.

எத்தனை வரம்?

வேதத்தில் ரோமர் 12:6-8இல் ஏழு, 1 கொரிந்தியர் 12:8-10இல் ஒன்பது, அதே அதிகாரம் 28ஆம் வசனத்தில் எட்டு, எபேசியர் 4:11இல் அப்போஸ்தலர் தொடங்கி மேய்ப்பர், போதகர் வரை. திரும்பத் திரும்ப வருபவற்றைக் கழித்தால் இருபதை ஒட்டி நிற்கும். எந்த இரண்டு பட்டியலும் ஒத்துப்போவதில்லை. பவுல் முழுக் கணக்கு எடுக்க உட்காரவில்லை, அந்தந்தச் சபைக்குத் தேவையானதை எடுத்துக்காட்டினார் என்றே இதிலிருந்து தெரிகிறது. 25 என்ற எண்ணை எட்டுவதற்காகத் தொகுப்பாளர்கள் விருந்தோம்பல், பரிந்துபேசும் ஜெபம், மணமாகாத வாழ்வு, இரத்தசாட்சி போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். இவற்றில் விருந்தோம்பலைச் சேர்த்தது நியாயம். 1 பேதுரு 4:9 அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வசனத்தில் வரங்களைப் பற்றிப் பேசுகிறது. இரத்தசாட்சியை ஐந்து கூற்றால் அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. அந்த வரிசையை அடித்துவிட்டே கொடுங்கள்.

தொகுப்பைத் தேர்வு செய்யுமுன் உள்ளடக்கத்தைப் பாருங்கள். அந்நிய பாஷை, வியாக்கியானம், குணமாக்குதல், அற்புதங்கள் ஆகிய நான்கையும் முற்றாக விட்டுவிட்ட தாள்கள் உண்டு. அவை இன்றும் உண்டு என்று போதிக்கும் சபைகளுக்கென்றே தயாரித்த தாள்களும் உண்டு. உங்கள் சபையின் உபதேசத்துக்கு ஒவ்வாத தாளைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் நடுவில் அந்தத் தகராறைத் தீர்க்க முடியாது.

தமிழில் வரும் சிக்கல்

இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலான தாள்கள் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. கூற்றுகளை ஒருவர் பெயர்த்திருப்பார். வரங்களின் பெயரை மட்டும் நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய வேதாகமத்திலிருந்து எடுத்திருப்பார். அந்தப் பெயர்களில் பல இன்றைய பேச்சில் வேறு பொருள் கொண்டுவிட்டன.

"ஊழியம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமர் 12:7இல் "ஊழியஞ்செய்கிறவன் ஊழியத்திலும்" என்று இருப்பது பணிவிடை, பந்தி பரிமாறுவது முதற்கொண்டு கையால் செய்யும் சேவை. 1 கொரிந்தியர் 12:28இல் "ஊழியங்களையும்" என்று வருவது அதைவிட எளிமை: தாங்கிப்பிடித்து உதவுவது. ஆனால் இன்று "அவர் ஊழியத்துக்கு வந்துவிட்டார்" என்றால் வேலையை விட்டுவிட்டுப் பிரசங்கம் செய்ய வந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். ஆகவே "எனக்கு ஊழியம் செய்வதில் விருப்பம்" என்ற கூற்றைப் படிக்கும் இளைஞர் மேடையை நினைத்து 3 போடுவார். ஆராதனை முடிந்ததும் யாரும் சொல்லாமலே நாற்காலி அடுக்கும் பெண்மணி, "நமக்கு ஏது ஊழியம்" என்று 0 போடுவார். தாள் அளக்க வந்தது அந்தப் பெண்மணியை. கண்டுபிடித்ததோ அந்த இளைஞரை.

"புத்திசொல்லுதல்" அடுத்தது. வேதத்தின் கிரேக்க மூலத்தில், பக்கத்தில் நின்று தேற்றி, ஊக்கப்படுத்தி, அழைத்துச் செல்லும் செயலைக் குறிக்கும் சொல் அது. இன்று நம் வீடுகளில் "புத்தி சொன்னேன்" என்றால் கண்டித்தேன் என்று பொருள். "பிறருக்குப் புத்திசொல்லுவது எனக்கு எளிது" என்ற கூற்றுக்கு யார் 3 போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களைச் சோர்ந்துபோனவர்கள் வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள்.

தலைமை தாங்கும் வரம் ரோமர் 12:8இல் "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்" என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் முதல் ஆளாய் முன்நிற்பவர் என்று பொருள்பட்ட சொல், இன்று கடைக்கோ கம்பெனிக்கோ சொந்தக்காரர். அப்படியே அச்சிட்ட தாளில் தொழில் நடத்துகிறவர்கள் மட்டுமே இந்த வரிசையை நிரப்புவார்கள். "ஆளுகை" என்பதும் அப்படியே. 1 கொரிந்தியர் 12:28இல் அதற்கு மூலச்சொல் கப்பலைச் செலுத்துவதைக் குறிப்பது; அப்போஸ்தலர் 27:11இல் "மாலுமி" என்று வருகிறவரைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. மாலுமிக்குக் கப்பலும் சொந்தமில்லை, சரக்கும் சொந்தமில்லை. பாறையில் மோதாமல் கரைசேர்ப்பது அவர் வேலை. நிர்வாக வரத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. "ஆளுகை" என்று மட்டும் அச்சடித்துவிட்டால், கூட்டத்துக்கு நாள் குறித்து, யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று பட்டியல் எழுதி, இரண்டு நாள் முன்பே நினைவூட்டும் அமைதியான மனிதர் தன்னை அதில் காணமாட்டார்.

"போதகர்" என்ற சொல் பல சபைகளில் பாஸ்டரையே குறிப்பதால், போதிக்கும் வரம் பாஸ்டருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. பத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடத்தைப் புரியவைக்கிறவர் அந்த வரிசையில் 4க்கு மேல் வாங்கமாட்டார்.

பரிகாரம் கடினமில்லை. தாளைக் கொடுக்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வரங்களின் பெயருக்கு எதிரே இன்றைய தமிழில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஊழியம்: கையால் செய்யும் பணிவிடை. புத்திசொல்லுதல்: கூடவே நின்று தேற்றி முன்னே நடத்துவது. ஆளுகை: வேலையை ஒழுங்குபடுத்தி முடித்துவைப்பது. பிறகு மாற்ற முடிந்த கூற்றுகளையெல்லாம் விருப்பத்திலிருந்து செயலுக்கு மாற்றுங்கள். "நோயாளிகளைச் சந்தித்து ஜெபிப்பதில் மகிழ்கிறேன்" என்ற கூற்றில் இரண்டு குறை. சந்திப்பது ஒன்று, ஜெபிப்பது வேறொன்று. ஒன்றுக்கு 3, இன்னொன்றுக்கு 1 என்றால் எதைப் போடுவது? மேலும், மகிழ்கிறேன் என்று சொல்லாத விசுவாசி யார்? "கடந்த 6 மாதத்தில், யாரும் சொல்லாமலே ஒரு நோயாளியைப் பார்க்கப் போனேன்" என்று மாற்றினால் 0 போடுவதற்கும் மனசாட்சி இடம் கொடுக்கும். 0 இல்லை, 1 ஒருமுறை, 2 இரண்டு மூன்று முறை, 3 அதற்கும் மேல்.

செயலை மட்டும் கேட்டால் புது விசுவாசிகளுக்கு எல்லாம் 0 வரும் என்ற எதிர்வாதம் சரியானதே. ஓராண்டாவது சபை வாழ்க்கையில் இல்லாதவர்களுக்கு இந்தத் தாளைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குத் தேவை வேலைகளைப் பார்க்கும் வாய்ப்பு.

மதிப்பெண் ஏறும் இடங்கள்

எந்தச் சபையில் நடத்தினாலும் இரக்கம், உதவி, கொடுத்தல், விசுவாசம் ஆகியவை உயர்ந்தே நிற்கும். இவை எல்லா விசுவாசிக்கும் கட்டளையாகக் கொடுக்கப்பட்டவை. "எனக்கு இரக்கம் இல்லை" என்று எழுத யாருடைய கையும் வராது. அதோடு இந்த வரங்களுக்கான கூற்றுகள் ஒன்றையொன்று தழுவியே இருக்கும். நல்ல மனதுள்ள ஒருவருக்கு இரக்கம் 13, உதவி 13, பணிவிடை 12 என்று வந்தால் மூன்று வரம் என்று எண்ணக்கூடாது; ஒரே குணம் மூன்று பெயரில் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறது.

இதைவிடக் கவலை தருவது குறைந்த மதிப்பெண்ணைச் சாக்காகப் பிடித்துக்கொள்வது. "எனக்குச் சுவிசேஷ வரம் இல்லை, 3தான் வந்தது" என்று சொல்லி, சாட்சி சொல்வதையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கொடுக்கும் வரம் இல்லை என்பதால் காணிக்கை கொடுக்கவேண்டாம் என்று யாரும் போதிப்பதில்லை. வரம் என்பது எல்லாரும் செய்யவேண்டிய ஒன்றில் சிலருக்குக் கூடுதலாக அருளப்பட்ட பெலன். இதை விளக்கக் குறிப்பிலேயே அச்சிட்ட தொகுப்புகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு எங்கள் முன்னுரிமை.

சுயமதிப்பீட்டின் கோணலை நேராக்க நல்ல தொகுப்புகள் ஒரு "பிறர் படிவம்" வைத்திருக்கும். இல்லாவிட்டால் நீங்களே ஒரு பக்கத்தில் தயாரிக்கலாம்: பத்தே கூற்று, மூன்று பேர் நிரப்ப வேண்டும். ஒருவர் வீட்டில் இருப்பவர், ஒருவர் சபையில் கூட வேலை செய்தவர், ஒருவர் வேலையிடத்தில் அறிந்தவர். மூன்றையும் சுயமதிப்பீட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தான் 14 போட்டு மற்றவர்கள் குறைத்த இடம் நாசூக்காகப் பேசவேண்டிய இடம். தான் 2 போட்டு மூன்று பேரும் உயர்த்திய இடம்தான் இந்த முழு முயற்சியின் பலன். இயல்பாக வருவதை வரம் என்று யாருமே எண்ணுவதில்லை; மற்றவர்கள் சொல்லித்தான் தெரியவரும்.

கடைசிப் பக்கத்தில் கைவேலை

திறமைப் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் பட்டியலாகத் தள்ளிவிடுவதுதான் இந்தத் தொகுப்புகளின் பெருங்குறை. தச்சு, தையல், மின்வேலை, கணக்கு, கணினி, ஓட்டுநர், சமையல் என்று சிறு கட்டங்கள், "பொருந்துவதைக் குறியிடுக", அவ்வளவுதான். முன்பக்கம் ஆவிக்குரியது, பின்பக்கம் உலகத்துக்குரியது என்று யாரும் எழுதாமலே தாள் சொல்லிவிடுகிறது.

வேதம் அப்படிப் பிரிக்கவில்லை. தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று யாத்திராகமம் 31இல் கர்த்தர் பெயர்சொல்லிக் குறிப்பிடுவது பெசலெயேலை. பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கும், கல் இழைப்பதற்கும், மரம் செதுக்குவதற்கும் அந்த நிரப்புதல். தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவள் தைத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். ரோமாபுரிக்குப் போன நிருபத்தைப் பவுல் சொல்ல எழுதியவர் தெர்தியு. 16:22இல் தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் பவுலும் ஒரே வீட்டில் தங்கக் காரணமே கூடாரம் பண்ணும் தொழில்தான். இந்த இடத்தில், அமெரிக்க பாஸ்டர் ரிக் வாரன் தொடங்கிய சபை வழியாகப் பரவிய "ஷேப்" என்ற முறை ஒரு படி மேல். ஆவிக்குரிய வரம், உள்ளத்தின் நாட்டம், திறமை, ஆளுமை, அனுபவம் என்ற ஐந்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறது. திறமைக்குச் சம இடம் கிடைக்கிறது. ஆனால் நிரப்பவேண்டிய தாள்கள் பெருகிவிடுவதால், நடத்துகிறவருக்குப் பொறுமை வேண்டும்.

டிக் மட்டும் போட்டால் ஏன் பயனில்லை என்பதற்கு ஒலி அமைப்பு நல்ல உதாரணம். "ஒலி அமைப்பு தெரியும்" என்று ஐந்து பேர் டிக் போட்டிருப்பார்கள். மைக் கீச்சிடும்போது ஒருவர் மொத்தச் சத்தத்தையும் குறைப்பார். பின்வரிசைக்குப் பிரசங்கமே கேட்காது. இன்னொருவர் ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றுவதுதான் காரணம் என்று அறிந்து, மைக்கின் முகம் ஒலிபெருக்கிக்கு எதிராக இல்லாதபடி திருப்பி, எந்த மைக் கீச்சிடுகிறதோ அதை மட்டும் இறக்குவார், பேசுகிறவரை மைக்குக்கு நெருங்கி நிற்கச் சொல்வார். டிக் குறியில் இருவரும் ஒன்றே.

ஆகவே கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு ஐந்து பத்தியில் புதுத் தாள் போடுங்கள். முதல் பத்தியில் என்ன வேலை என்பது. "கணினி" என்று பொதுவாக எழுதாமல், "வருகைப் பதிவை எக்செல்லில் வைப்பது" என்று குறிப்பாக. இரண்டாவதில் தேர்ச்சி: கற்றுக்கொண்டிருக்கிறேன், தனியாகச் செய்வேன், பிறருக்குக் கற்றுக்கொடுப்பேன். இந்த மூன்றாம் நிலைக்குப் பெசலெயேலே முன்மாதிரி. பிறருக்குப் போதிக்கும் வரத்தையும் அவர் இருதயத்தில் அருளினார் என்று யாத்திராகமம் 35:34 தனியாகச் சொல்கிறது. மூன்றாவதில் சொந்தக் கருவி உண்டா. நான்காவதில் மாதத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கிழமை. ஐந்தாவது பத்தி மிக முக்கியம்: இதைச் சபையில் செய்ய விருப்பமா? வாரத்தில் ஆறு நாள் கணக்கு எழுதுகிறவர் ஏழாம் நாளும் கணக்கு எழுத விரும்புவார் என்று நினைக்கக்கூடாது. அவர் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஏங்கிக்கொண்டிருக்கலாம். பள்ளி ஆசிரியரைப் பார்த்த மாத்திரத்தில் ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்புவதும் அதே தவறுதான். கேட்காமல் கொடுத்த பொறுப்பு அவருக்கு நீட்டித்த வேலை நேரம்.

வரத்தையும் திறமையையும் குழப்பிக்கொண்டு தவறான நாற்காலியில் உட்காரவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. கொடுக்கும் வரம் உயர்ந்தவரைப் பொருளாளராக்குவார்கள். தாராளமாகக் கொடுக்கும் கைக்கும், வரவு செலவை ஒரு பைசா பிசகாமல் எழுதும் கைக்கும் சம்பந்தமில்லை. காணிக்கை எண்ணுவதற்கு எந்த வரமும் அனுமதிச் சீட்டு ஆகாது: ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், இரண்டு முறை எண்ணி, அங்கேயே தொகை எழுதிக் கையெழுத்திட வேண்டும், வங்கியில் கட்டுவது மூன்றாமவர். அதேபோல, பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களின் பின்னணியை விசாரிப்பதும், அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பதும் 15க்கு 15 வாங்கியவருக்கும் பொருந்தும். தேற்றும் வரமுள்ளவர் மனநோயையோ தற்கொலை எண்ணத்தையோ தனியாகக் கையாளக்கூடாது. கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதுதான் அவருடைய வரத்தின் வேலை. மின்வேலை போல உரிமம் கேட்கும் தொழில்களில் உரிமம் உள்ளவரே கைவைக்க வேண்டும்.

தாளுக்குப் பிறகு

பெரும்பாலான சபைகளில் கேள்வித்தாள் சாகும் இடம் அலமாரி. ஒரு சனிக்கிழமை உற்சாகமாக நடத்துவார்கள், தாள்களைக் கட்டிவைப்பார்கள், யாரும் கூப்பிடமாட்டார்கள். நிரப்பியவர் மூன்று மாதம் காத்திருந்து, சபைக்கு நான் தேவையில்லை என்ற முடிவுக்கு வருவார். நடத்தாமலே இருந்திருந்தால் அவருக்கு இந்தக் காயம் வந்திருக்காது. எனவே முதலில் சபையின் வேலைகளைப் பட்டியலிடுங்கள், பிறகு தாளைக் கொடுங்கள். இருபது வேலை கையில் இருந்தால் இருபது பேருக்கு மேல் ஒரே தவணையில் தாள் கொடுக்கவேண்டாம்.

நிரப்ப 40 நிமிடம், கூட்டிப்பார்க்க 15 நிமிடம் போதும். இரவுக் கூட்டத்துக்குப் பிறகு களைப்பில் நிரப்பினால் கடைசி 30 கூற்றுக்கும் ஒரே எண்தான் வரும், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் தனியாக உட்கார வேண்டும். மூப்பரோ குழுத்தலைவரோ ஒருவர் வாரத்துக்கு ஐந்து பேரைப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் கேட்பது நின்று, சொல்வது தொடங்கிவிடும்.

அந்த உரையாடலின் முடிவில் கையில் ஒரு சிறு அட்டை இருக்க வேண்டும். என்ன வேலை, வாரத்தில் எத்தனை மணி நேரம், யாரிடம் கேட்பது, யார் முதல் இரண்டு முறை கூட இருந்து காட்டுவார், எந்தத் தேதியில் முடிகிறது. முடியும் தேதியை எழுதாமல் எந்தப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் சரியான அளவு. தேதி இருந்தால் பொருந்தாத வேலையிலிருந்து வெட்கமின்றி இறங்கலாம். இல்லாவிட்டால் விலகுவது பின்வாங்குவதாகிவிடும், பலர் மனமில்லாமல் வருடக்கணக்கில் இழுப்பார்கள். உதவிக்காரரைப் பற்றி 1 தீமோத்தேயு 3:10, முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றே சொல்கிறது.

தவணை முடிந்ததும் மூன்றைக் கவனியுங்கள். அவர் செய்ததால் மற்றவர்களுக்குப் பக்திவிருத்தி உண்டானதா? 1 கொரிந்தியர் 14 திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி அதுவே. அவர் களைத்தாலும் மறுபடி செய்ய மனம் இருக்கிறதா? முதல் வாரத்தைவிடக் கடைசி வாரம் மேம்பட்டிருந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால், கேள்வித்தாள் 5 மதிப்பெண் தந்திருந்தாலும் அந்த வேலையை அவருக்கே கொடுங்கள். இரண்டுக்கு இல்லை என்றால், 14 வாங்கியிருந்தாலும் வேறு வேலை பாருங்கள். முதல் சபையில் விதவைகளின் பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தபோது கேட்டது நற்சாட்சியும், பரிசுத்த ஆவியும், ஞானமும். அந்த ஏழு பேரில் ஒருவரான பிலிப்புவை அப்போஸ்தலர் 21:8 "சுவிசேஷகன்" என்று அழைக்கிறது. வேலையில் இறங்கிய பிறகே அந்தப் பெயர் வந்தது.

யாருக்கு இந்தத் தொகுப்பு ஏற்றது? ஐம்பது பேருக்கு மேல் கூடி, ஒருவரையொருவர் முழுதாக அறியாத சபைக்கு நிச்சயம் உதவும். புதிய குழுத்தலைவர்களைத் தேடும்போதும், நீண்ட காலம் இருந்தும் பொறுப்பு எதுவும் ஏற்காதவர்களை அணுகும்போதும் நல்ல நுழைவாயில். இருபது பேர் கூடும் வீட்டுச் சபைக்குத் தேவையில்லை. பிறர் படிவமும் ஐந்து பத்தித் தாளும் போதும். பதின்ம வயதினருக்கு மதிப்பெண் கூட்டும் பகுதியைக் கொடுக்கவேண்டாம். அந்த வயதில் ஒட்டிய பெயர் எளிதில் உரியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு வேலை என்று சுற்றிவர விடுங்கள். வாசிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டிக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டார் வாசித்தால் விடையும் வீட்டாருடையதாகிவிடும், வேறொருவரை உட்காரவையுங்கள்.

நிரப்பிய தாள்களை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கவேண்டாம். அதில் ஒருவர் தன்னைப் பற்றி உண்மையாக எழுதிய விஷயங்கள் இருக்கின்றன. பேசியவரும் எழுதியவரும் தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது. தவணை முடிந்ததும் அட்டையை வைத்துக்கொண்டு, தாளை எழுதியவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.